கதவை அறுத்து செஞ்ச ஸ்பீக்கர்

பழைய தேக்கை ரம்பம் போட்டு அறுக்கும்போது ஒரு வாசனை வரும்... எண்ணெயும் தோலும் கலந்த மாதிரி. நேத்து மகன் புது ஸ்பீக்கர் அட்டைப்பெட்டியைப் பிரிச்சான். பிளாஸ்டிக் வாசனைதான் வந்துச்சு. எனக்கு என்னமோ அந்தத் தேக்கு ஞாபகம் வந்துடுச்சு.

எண்பதுகள்ல நடந்தது இது. எனக்குத் திருப்பதியில ஒரு லாட்ஜுல ரிசப்ஷன்ல வேலை. லீவு கெடைச்சா பஸ் புடிச்சு சித்தூருக்கு ஓடி வந்துடுவேன். வீட்டுல அம்மா மட்டும்தான். நைனா, அதான் எங்கப்பா, தவறிட்டாரு. அண்ணன் தாஸ், அதுக்கும் முன்னாடியே நைனாகூட சண்டை போட்டுட்டு பம்பாய் போறேன்னு கெளம்பினவன்... போனவன் போனவன்தான். ஒரு லெட்டர் கூட கிடையாது.

எனக்கு அப்போ ஒரே பைத்தியம். ரெண்டு ரெக்கார்ட் பிளேயரைப் பக்கத்துல பக்கத்துல வச்சு, ஒரு பாட்டு முடியறதுக்குள்ள அடுத்ததை ஏத்தி விடணும். இதுக்கு டீஜேன்னு ஒரு பேரு இருக்கறதே தெரியாது. கிறிஸ்மஸுக்கு சர்ச் பசங்க எல்லாரும் நம்ம வீட்டுக்கு வந்து ஆடணும்... அவ்ளோதான் ஆசை.

ஸ்பீக்கர்தான் தகராறு. திருப்பதி கடைகள்ல ரெடிமேட் பெட்டிங்களைப் போட்டுக் கேட்டேன். ஒண்ணு தகர டப்பா மாதிரி கத்துச்சு. இன்னொண்ணு அருமை, ஆனா என் சம்பளத்துக்கு எட்டல. கடைசியில பெட்டி இல்லாம வெறும் ஸ்பீக்கர் கோன் மட்டும் வாங்கிட்டு வந்து, சித்தூர்ல முனிரத்னம் ஆசாரிகிட்ட பெட்டி செய்யச் சொன்னேன். அம்மாவும் கூட வந்தாங்க.

ஆசாரி பாதி தெலுங்கு. பலகையை செக்கன்னுதான் சொல்வாரு. ஒவ்வொண்ணா விரல் முட்டியால தட்டிக் காட்டினாரு.

"செக்க பேசணும் பாபு. அப்பதான் பாட்டு பேசும்."

அம்மாவும் தட்டிப் பார்த்தாங்க. மெதுவா ரெண்டு தட்டு, அப்புறம் காது வச்சு கேப்பாங்க. மாம்பலகை, பிளைவுட், எதுவும் புடிக்கல.

"எங்கூட்டு பழைய கதவு கெடக்குது ஆசாரி. அத்த அறுத்துக்கோ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அடியில கரையான் அரிச்சதால, அந்தத் தேக்கு வாசக் கதவைக் கழட்டிட்டு புதுசு மாட்டியிருந்தோம். பழசை விறகுக்குக் கூட யாருக்கும் குடுக்காம பின்செவுத்துல சாய்ச்சு வச்சிருந்தாங்க அம்மா. அண்ணன் தட்டின கதவு அது. மூணு தட்டு தட்டுவான், கொஞ்சம் நிறுத்தி இன்னொண்ணு. தெருவுல வேற யாரும் அப்படித் தட்ட மாட்டாங்க.

"ஏம்மா அத்தப் போய்..."

"வெளிய மழையில நனஞ்சிக்கினு கீதுடா. அவன் வந்து தட்டுனா எனக்குக் கேக்குமா? உள்ள இருந்தா கேக்கும்."

ஆசாரி என்னைப் பார்த்தாரு. நான் கதவைத் தூக்கிட்டு வரக் கெளம்பினேன்.

கதவு ரெண்டாச்சு. தாழ்ப்பாள் பக்கம், அதாவது அண்ணன் தட்டுற பக்கம், லெஃப்ட் பெட்டிக்கு முகப்பு. கீல் பக்கம், அதாவது அம்மா சாஞ்சு நின்னு தெருவைப் பார்க்கிற பக்கம், ரைட் பெட்டிக்கு. மொத ரெக்கார்ட் போட்டதும் சத்தம் அப்படியே வயித்துல இறங்குச்சு. ரொம்ப சந்தோஷப்பட்டேன்.

அந்த வாரமே ஆரம்பிச்சுடுச்சு... சாயங்காலம், ஆம்ப்ளிஃபையர் ஆஃப்ல இருக்கு. லெஃப்ட் பெட்டியில இருந்து, டக் டக் டக்...

டக்.

அம்மா எழுந்து போய் வாசக் கதவைத் தொறந்தாங்க. யாரும் இல்ல.

ஆசாரிகிட்ட ஓடினேன். "வெயில் எறங்குனா செக்க சுருங்கும் பாபு, சத்தம் போடும், பயப்படாத"ன்னாரு. சரி, சத்தம் போடட்டும். ஆனா எங்க அண்ணன் மாதிரியே ஏன் போடணும்?

கிறிஸ்மஸ் வந்துச்சு. வீடு நெறைய பசங்க. ரெண்டு பிளேயரையும் மாத்தி மாத்தி ஓட்டினேன், ஒரு எடத்துல கூட பாட்டு அறுந்து போகல. அந்த அமர்க்களத்துக்கு நடுவுலதான் அந்தத் தட்டு கேட்டுச்சு. எனக்கு மட்டும்னு நெனச்சேன். நிமிர்ந்து பார்த்தா, ஆடிட்டிருந்த அத்தனை பேரும் நின்னு வாசலைப் பார்க்கிறாங்க.

அம்மா கதவைத் தொறந்தாங்க. வெறும் வாசல். ஆனா அம்மா யாரையோ பார்க்கிற மாதிரி பார்த்தாங்க.

"எளச்சிப் போய்க்கீறியேடா... ஏன் அங்கியே நின்னுக்கினு கீற? நைனா இல்லடா இப்ப. திட்ட மாட்டாரு. உள்ள வா."

ஒதுங்கி வழி விட்டாங்க. பாட்டு பாட்டுக்கு ஓடிட்டே இருக்கு... நான் ஊசியைத் தூக்கிட்டேன். பசங்க ஒவ்வொருத்தரா செருப்பு மாட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அம்மா மட்டும் கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க.

"வர மாட்டேன்றான் சாமு"ன்னு என்கிட்ட சொன்னாங்க.

அதுக்கப்புறம் எங்க வீட்டுல ஆட்டம் பாட்டம் கிடையாது. தட்டு மட்டும் நிக்கல. அம்மா தொறந்துக்கிட்டே இருந்தாங்க, கடைசி வரைக்கும்.

அம்மாவைக் கல்லறையில வச்சுட்டு வந்த சாயங்காலம், நான் தனியா உக்காந்திருந்தேன். லெஃப்ட் பெட்டி தட்டுச்சு. மூணு, நிறுத்தி ஒண்ணு. தொறக்க ஆள் இல்லையேன்னு எனக்கு அழுகை வந்துச்சு.

அப்போ... அத்தனை வருஷம் வாயே தொறக்காத ரைட் பெட்டியில இருந்து, மெதுவா ரெண்டு தட்டு. ஆசாரி கடையில அம்மா தட்டினாங்களே, அதே தட்டு.

அதோட சரி. அதுக்கப்புறம் ரெண்டு பெட்டியும் தட்டவே இல்ல.

இப்போ திருப்பதியில அபார்ட்மென்ட். மகன் போன்லயே ரிவ்யூ படிச்சு ஸ்பீக்கர் வாங்குறான். தட்டிப் பார்க்கிற வேலை இல்ல. வாசல்ல காலிங் பெல். "டாடி, அந்தப் பழைய பெட்டிங்களை காயலான் கடைக்குப் போட்டுடலாமா?"ன்னு கேட்டான். இருந்துட்டுப் போகட்டும்டான்னு சொல்லிட்டேன்.

யாரும் இல்லாதப்ப போய் லெஃப்ட் பெட்டியில விரல் முட்டியால தட்டிப் பார்ப்பேன். கொஞ்சம் பயமாத்தான் இருக்கும். காது வச்சுக் கேப்பேன்.

பதில் வராது.

எப்படி வரும்... அம்மா தொறந்துட்டாங்க, அண்ணனும் உள்ள வந்துட்டான். இனிமே அங்க யாரு, எதுக்குத் தட்டணும்?