சாமி என்று சொல்லலாமா?

போன மாதம் ஒரு நாள், என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், என் வயதில் பாதிகூட ஆகாத ஒருத்தியிடம் திருத்தம் வாங்கினேன்.

தோசை ஆறிக்கொண்டிருந்தது. "சாமி கும்பிட்டுட்டுச் சாப்பிடு ரோஸ்லின்" என்றேன். நான் பிறந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் புழங்குகிற வாக்கியம். என் அம்மா சொன்னது, அவள் அம்மா சொன்னது.

"அத்தை, 'சாமி'ன்னு சொல்லாதீங்க. 'கர்த்தர்'னு சொல்லுங்க."

கையில் பிய்த்த தோசையைத் தட்டிலேயே வைத்தேன்.

ரோஸ்லின் என் அண்ணன் மகள். அண்ணன் சூசைக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டம். மகளைத் தேனியில் காலேஜில் சேர்த்தபோது, "அத்தை வீடு இருக்கையில ஹாஸ்டல் எதுக்கு?" என்று பெட்டியோடு கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். இப்போது இரண்டாம் வருஷம், பி.எஸ்சி. கணிதம்.

நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். எங்கள் ஊரில் கடவுள் என்றால் சாமி. இயேசு – சேசு சாமி. பாதிரியார் – சாமியார். அடுத்த தெருவில் முனியாண்டியும் சாமிதான். இதில் யாருக்கும் குழப்பம் வந்ததாக எனக்குத் தெரியாது. எந்தச் சாமியைக் கூப்பிடுகிறோம் என்று கூப்பிடுகிறவருக்குத் தெரியும். சாமிக்கும் தெரியும்தானே?

சரி, இந்தத் திருத்தம் எங்கிருந்து வந்தது? விசாரித்தேன். காலேஜ் ஃபெல்லோஷிப்பிலிருந்து.

அது வாரம் ஒருமுறை, லஞ்ச் பிரேக்கில், லேப் கட்டடத்துக்குப் பின்னால் மரத்தடியில் கூடுகிற கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர். பல சபைப் பிள்ளைகள். ஒரு கிடார் – அதிலும் ஒரு கம்பி கிடையாது. பாட்டு, வேதபாடம், ஜெபம், அப்புறம் டிபன் பாக்ஸ்.

எனக்கு முதலில் சந்தோஷம்தான். ரோஸ்லின் சின்ன வயதிலிருந்தே கேள்வி கேட்கிற பிறவி. ஊரில் ஞான உபதேச வகுப்பில், "பிதா, சுதன், ஆவி – மூணு பேரா, ஒருத்தரா?" என்று கேட்டு, "முதல்ல மனப்பாடம் பண்ணு" என்ற பதிலை வாங்கியவள். மரத்தடியில் அந்த ஒரு கேள்விக்கே வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள்! ஒரு நாள் ஓடிவந்து, "அத்தை, மூணு ஒண்ணக் கூட்டுனா மூணு. பெருக்கிப் பாருங்க, ஒண்ணுதான்!" என்றாள். அடுத்த வாரம் வந்து, "அந்தக் கணக்கும் தப்பாம் அத்தை" என்றாள். தான் சொன்னது தப்பு என்பதை இவ்வளவு குஷியாகச் சொல்கிற பெண்ணை நான் பார்த்ததில்லை. இயேசு சொன்ன திராட்சைக்கொடி உவமை வந்த வாரம் மட்டும் பாடமே நடக்கவில்லையாம். கம்பத்துப் பிள்ளைகள் கொடியைக் கழிக்கிற கவாத்து எப்போது, மருந்து எவ்வளவு என்று ஆரம்பித்து, பெல் அடித்துவிட்டது.

சிக்கல் ஜெபத்தில் வந்தது.

எங்களுக்கு எல்லாமே எழுதி வைத்த செபம். அங்கே அப்படி இல்லை. ஒவ்வொருவரும் கண்ணை மூடி, சொந்த வார்த்தையில், வாய்விட்டு. தன் முறை வந்தபோது ரோஸ்லின் சொல்லியிருக்கிறாள்:

"சாமி, எங்கப்பா தோட்டத்துல பழம் வெட்டுக்கு நெருங்கிருச்சு சாமி. வெட்டு முடியுற மட்டும் மழ வேண்டாம். பெஞ்சா பழம் வெடிச்சு அழுகிரும். நீங்கதான் பாத்துக்கிறணும்."

யாரோ சிரித்துவிட்டார்கள். கெட்ட சிரிப்பு இல்லை என்கிறாள். கூட்டத்தை நடத்துகிற ஜெபராஜ், மூன்றாம் வருஷ மாணவன், திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், முடிந்த பிறகு தனியாகக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொன்னானாம்: "சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. 'சாமி' புறஜாதி வார்த்தை, வேற மதத்துக்காரங்க சொல்லுதது. எந்தச் சாமின்னு தெரியாதுல்லா? 'கர்த்தாவே'ன்னு சொல்லிப் பழகுங்க. 'நீங்க'கூட வேண்டாம். 'நீர்'னு சொல்லணும்."

நல்ல மாணவி. அன்றே நிறுத்திவிட்டாள். கையோடு என்னையும் திருத்தினாள்.

இதற்குள் செய்தி கம்பம் வரை போய்விட்டது. அண்ணனிடமிருந்து போன்.

"ஏத்தா, புள்ள அல்லேலூயாக்காரக கூடச் சேந்துட்டாளாம்ல? ஊருக்குள்ள கேக்குறாக. ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறாளா இல்லையா?"

"போறாண்ணே. என்னையும் எழுப்பி இழுத்துக்கிட்டுப் போறா. அதான் எனக்குக் கஷ்டம்."

"விளையாடாத. வெட்டு முடியட்டும், நேர்ல வாரேன். அதுவரைக்கும் அந்தக் கூட்டத்துக்குப் போக வேண்டாம்னு சொல்லி வையி."

நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் கேட்கிற ஆளா?

அப்புறம் ஒரு சாயங்காலம். டிவியில் வங்கக் கடலில் தாழ்வு நிலை என்றார்கள். ஐப்பசி மாதம், சொல்லாவிட்டால்தான் ஆச்சரியம். துணி எடுக்க மாடிக்குப் போனேன். ரோஸ்லின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேற்கே மலையைப் பார்த்து நின்றாள். மலை முழுக்கக் கருப்பு.

"என்ன, ஜெபமா?" என்றேன் விளையாட்டாக.

"வரல அத்தை."

"என்ன வரல?"

"ஜெபமே வரல. 'கர்த்தாவே, நீர்'னு ஆரம்பிச்சா யாரோ முன்னப் பின்ன தெரியாதவுககிட்ட பேசுற மாதிரி இருக்கு. 'சாமி'ன்னு ஆரம்பிச்சா தப்போன்னு பயமா இருக்கு. ரெண்டு வாரமா வாயே தெறக்க முடியல. அப்பா தோட்டத்துக்குக்கூடக் கேக்க முடியல அத்தை…"

அழுதுவிட்டாள். பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டிருந்த ஒருவரோடு ஒரு பிள்ளைக்குப் பேச்சு நின்றுபோவது சாதாரண விஷயமா?

எனக்குக் கோபம் வந்தால் செருப்பைத் தேடுவேன் – அடிக்க இல்லை, கிளம்ப. "யாரு அந்தப் பையன்? நாளைக்கே காலேஜுக்கு வர்றேன். நாலு கேள்வி கேக்குறேன்" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அந்த அண்ணன் நல்லவரு அத்தை. அவரு சொன்னது தப்புன்னா, எங்கன தப்புன்னு நான்தான் கண்டுபிடிக்கணும். நீங்க சண்டை போட்டா நான் கண்டுபிடிச்ச மாதிரி ஆகுமா?"

நான் துணியை மடிக்க ஆரம்பித்தேன்.

"வர்ற சனிக்கிழமை பாடம் எடுக்குறது என் முறை. அதுக்குள்ள தெரிஞ்சா சரி. தெரியலன்னா ஃபெல்லோஷிப்ப விட்டுறேன். ஜெபம் பண்ண முடியாத ஆளு அங்கன போயி என்ன செய்ய?"

விட்டுவிட்டால் அண்ணனுக்குச் சந்தோஷம். எனக்கும் நிம்மதி என்றுதான் நினைத்திருக்க வேண்டும். ஆனால் இல்லை. கேள்வி கேட்கக் கிடைத்த ஒரே இடத்தை இந்தப் பிள்ளை இழக்கக் கூடாதே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

அவள் முறைக்கு வந்த தலைப்பு 'மனுஷாவதாரம்' – கடவுள் மனிதனாக வந்த பாடம். அந்த வாரம் முழுக்க அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே போனில் எதையோ படித்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு ஒன்றும் தெரியாது.

சனிக்கிழமை காலேஜில் ஏதோ விழா. மரத்தடியில் ஷாமியானா போட்டுவிட்டார்கள். கூட்டம் என் வீட்டு ஹாலுக்கு வந்துவிட்டது. வாசல் முழுக்கச் செருப்பு. அந்தக் கிடாரையும் பார்த்தேன். ஜெபராஜையும் பார்த்தேன் – ஒல்லியாக, பயந்த பையன். இவனிடமா நாலு கேள்வி கேட்கக் கிளம்பினேன்?

ரோஸ்லினின் தோழி முத்துமாரியும் வந்திருந்தாள். வகுப்பில் இவளுக்குப் பக்கத்து பெஞ்ச். சித்திரையானால் தீச்சட்டி எடுக்கிற வீடு. ரோஸ்லினுக்குத் துணையாக எல்லாக் கூட்டத்துக்கும் வருவாள், ஓரமாக உட்கார்ந்து ரெக்கார்டு எழுதுவாள், மற்றவர்கள் கண்ணை மூடும்போது மரியாதைக்குத் தானும் மூடிக்கொள்வாள். இதுவரை அங்கே ஒரு வார்த்தை பேசியதில்லை.

பாடம் ஆரம்பித்தது. நான் அடுப்படி வாசலில் டீ டம்ளர்களோடு.

"கடவுள் மனுசனா வந்தாருன்னு படிச்சோம்" என்றாள் ரோஸ்லின். "மனுசன்னா ஒரு ஊர்ல வளரணும். ஊருன்னா அதுக்குன்னு ஒரு பேச்சு இருக்கும். அவரு எந்தப் பேச்சு பேசுனாரு?"

"எபிரேயு?" என்றது ஒரு குரல். "அரமேயிக்" என்றது இன்னொன்று.

"பாஷையக் கேக்கல. பேச்சக் கேக்குறேன். அவரு வளந்தது கலிலேயா. தலைநகரத்துக்கு வடக்க, மலையும் ஏரியுமா இருக்குற பக்கம். மீன் பிடிக்கிறவுக, வெள்ளாம பண்றவுக. அவுக பேசுனா எருசலேம்ல சிரிப்பாகளாம்."

கிடாரை மடியில் வைத்திருந்த பையன் அதை ஓரமாகச் சாய்த்து வைத்தான்.

"இயேசுவப் பிடிச்சுட்டுப் போன அன்னைக்கு, அவரு சீடர் பேதுரு முற்றத்துல தீக்காஞ்சுக்கிட்டு இருந்தாரு. 'அவர எனக்குத் தெரியவே தெரியாது'ன்னாரு. அங்கன நின்னவுக நம்பல. ஏன்? அவரு பேச்சே காட்டிக் குடுத்துருச்சு. மெட்ராஸ்ல ஒருத்தன் 'வந்தாக, போனாக'ன்னு சொன்னா, 'தம்பிக்கு மதுரைப் பக்கமா?'ன்னு கேப்பாகல்ல, அந்த மாதிரி. பேதுருவுக்கு அந்தப் பேச்சுன்னா, கூடவே திரிஞ்ச இயேசுவுக்கும் அதே பேச்சுதான இருக்கும்? அப்ப ஜெபம் பண்ணும்போது மட்டும் எருசலேம் பேச்சுக்கு மாறிருப்பாரா?"

எனக்கு டீ டம்ளர் கையைச் சுட்டது. நகரவில்லை.

எல்லாரும் ஜெபராஜைப் பார்த்தார்கள். அவன் மெதுவாகச் சொன்னான்: "மாறிருக்க மாட்டாரு. ரொம்ப வேதனையில இருந்தப்போ 'அப்பா'ன்னுதான் கூப்பிட்டாரு. அவங்க வீட்டு வார்த்தை அது." சட்டென்று சிரித்தான். "எங்கம்மா அடுக்களையில 'எய்யா, என் ராசா'ன்னுதான் ஜெபம் பண்ணுவா. 'கர்த்தாவே, உம்முடைய சமூகத்தில்'லாம் மைக்கப் பிடிச்சாத்தான் வரும்."

ஹாலே சிரித்தது. ஆனால் பையன் விடவில்லை. "சிஸ்டர், இருந்தாலும் ஒண்ணு கேக்கேன். 'சாமி'ன்னு எல்லாரும் எல்லாத்தையும் சொல்லுதாங்க. குழப்பம் வராதா?"

"வரலாம்ண்ணே" என்றாள் ரோஸ்லின். "அதுக்கு எனக்கு இன்னும் பதில் தெரியல. ஆனா எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் இருக்கு. அத எடுத்துட்டா நான் ஊமையாயிருறேன்."

ஜெபராஜ் தலையாட்டினான். "அப்போ இன்னைக்கு ஜெபத்த நீங்களே பண்ணுங்க."

கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமே வரவில்லை. அப்புறம்…

"சாமி."

அவ்வளவுதான். மற்றதெல்லாம் தானாக வந்துவிட்டது. அப்பா, தோட்டம், பழம், வெட்டு முடிகிற வரைக்கும் மழை வேண்டாம், நீங்கதான் பாத்துக்கிறணும். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நான் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

முடிந்தது என்று நினைத்து ஆளாளுக்குக் கண்ணைத் திறக்கப்போனபோது, ஓரத்திலிருந்து ஒரு குரல்.

"சாமி… எனக்கு இப்பிடியெல்லாம் பேசத் தெரியாது."

முத்துமாரி! கண்ணை இறுக்கி மூடியிருந்தாள்.

"எங்களுக்கு ஆண்டிபட்டிப் பக்கம். மானாவாரி. சோளம் வெதச்சுப்புட்டு எங்கய்யா தெனமும் வானத்தப் பாத்துக்கிட்டே இருக்காக. எங்களுக்கு மழ வேணும் சாமி. ஆனா… மொதல்ல ரோஸ்லின் வீட்டுல வெட்டு முடியட்டும். அதுக்கப்புறம் குடுங்க."

மழைக்காகக் காத்துக்கிடக்கிற வீட்டுப் பெண். 'மழை வேண்டாம்' என்ற ஜெபத்தைப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை, முகம் கோணியதில்லை. இவளுக்கும் பேசுவதற்கு ஒரு வார்த்தை தேவைப்பட்டிருக்கிறது. ரோஸ்லின் சொன்ன 'சாமி' அவளுக்கும் தெரிந்த வார்த்தையாக இருந்தது.

எந்தச் சாமி என்று யாரும் கேட்கவில்லை. முதல் 'ஆமென்' ஜெபராஜிடமிருந்து வந்தது.

சாயங்காலமே அண்ணனுக்குப் போன் போட்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அந்த ஆண்டிபட்டிப் புள்ள பேரு என்ன?" என்றார்.

"முத்துமாரி."

"அவுக வீட்டுக்கு ஒரு பெட்டி பழம் தனியா எடுத்து வைக்கிறேன். அடுத்த கூட்டம் எப்பன்னு ரோஸ்லினக் கேட்டுச் சொல்லு. எல்லாப் புள்ளைகளுக்கும் பழம் குடுத்து விடணும்."

இதை எழுதுகிற இன்று தோட்டத்தில் வெட்டு நடந்துகொண்டிருக்கிறது. மலைமேல் மேகம் திரண்டு நிற்கிறது. இன்னும் ஒரு பொட்டு விழவில்லை. மேஜையில் எனக்கு எதிரே ரோஸ்லின் கண்ணை மூடி என்னவோ பேசிக்கொண்டே இருக்கிறாள், தோசை ஆறுவதுகூடத் தெரியாமல்.

யாருக்கு முதலில், யாருக்கு அப்புறம் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்… இனி சாமி பாடு!