திலகவதி அக்காவின் தியோபிலின் குளிசைகள்

வெள்ளிக்கிழமை காலை விடைத்தாள்கள் திருத்திக்கொண்டிருந்தேன். கரவெட்டியிலிருந்து சைக்கிளில் வந்த திலகவதி அக்காவின் தம்பி வாசலில் நின்று, "அக்கா நித்திரையிலையே போயிட்டா, சேர்" என்றார். மாரடைப்பாம். முதல்நாள் மாலைகூட எங்கள் மருந்தியல் ஆய்வுகூடத்தில் அவரது சிரிப்புக் கேட்டது.

கலாநிதி திலகவதி எனக்கு மூத்த விரிவுரையாளர். சிறுவயது முதலே தொய்வு என்னும் ஆஸ்துமா நோயுள்ளவர். அதற்காக மாத்திரையாக விழுங்கிய தியோபிலினையே ஆராய்ச்சிக்கும் எடுத்துக்கொண்டார். "எனக்குள்ளை போய் என்ன செய்யுது எண்டு பாக்க வேண்டாமே?" என்பார். தசையைத் தளர்த்தும் ஒரு பொருள் உடற்கலங்களுக்குள் உண்டு. அதை ஒரு நொதியம் சிதைத்துவிடும். தியோபிலின் அந்த நொதியத்தைத் தடுக்க, இறுகிய மூச்சுக்குழாய் விரியும். மாணவர்கள் இதைக் கண்ணால் காணவேண்டும் என்பது அவரது பிடிவாதம்.

பல வருடங்களுக்கு முன், போரால் மின்சாரம் நின்றுபோன காலம். செய்முறைப் பரீட்சை ஏற்கெனவே தள்ளிப்போயிருந்தது. கொழும்பிலிருந்து வரவேண்டிய தியோபிலின் தூள் சோதனைச்சாவடியைத் தாண்டவில்லை. அக்கா சந்தை இறைச்சிக் கடையில் ஆட்டு மூச்சுக்குழாய் வாங்கிவந்தார். ஒட்சிசன் இல்லாததால் அதற்குக் காற்றூட்ட நான் சைக்கிள் பம்ப் அடித்தேன். அவர் கைப்பையைத் திறந்து, தம் குளிசைகளை உரலில் கொட்டினார்.

"அக்கா, உது உங்கடை மருந்தெல்லே! இழுப்பு வந்தால்?"

"வந்தால் எனக்கும் பம்ப் அடியும், ஐசே."

மூச்சுக்குழாய்த் துண்டொன்றைக் கரைசலில் தொங்கவிட்டு, அதன் இறுக்கத்தைக் கீறிக்காட்டும் ஊசியோடு கட்டினோம். இறுக்கும் மருந்தை இட்டதும் கரிபூசிய தாளில் ஊசி மேலேறியது. தியோபிலின் விட்டோம். ஊசி இறங்கவில்லை. மாணவர்களின் முகங்கள் வாடின. அக்கா கரைசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஐயோ, ஆட்டுக்குக் குளிருதடா!"

கேத்தலில் வெந்நீர் வந்தது. கரைசலை உடற்சூட்டளவுக்கு இளஞ்சூடாக்கி, புதிய துண்டைக் கட்டி மீண்டும் தொடங்கினோம். இம்முறை ஊசி மெல்ல மெல்ல இறங்க, மாணவர்கள் கைதட்டினார்கள். பரீட்சை நடந்தது.

மறுவாரம் அக்காவுக்கு இழுப்பு வந்துவிட்டது. மருந்துக்கடைகளில் குளிசை இல்லை. நான் பயந்துபோய் அவர் வீட்டுக்கு ஓடினேன். அங்கே அந்த மாணவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். உடுவில், சண்டிலிப்பாய் என்று உறவினர் வீடுகளில் கேட்டுச் சேர்த்த தியோபிலின், கடதாசிப் பொட்டலங்களில் இருந்தது. அக்கா மூச்சை எட்டிப் பிடித்துக்கொண்டு, "உது முடியுமட்டும் நான் இழுக்க வேணுமே, பிள்ளையள்?" என்றார். குணமானதும், பாதியை அடுத்த வகுப்புக்கென்று ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

நேற்று அவரது பாடையைத் தூக்கியவர்கள் அந்த மாணவர்கள்தாம்; இப்போது வைத்தியர்கள். குறுகிய ஒழுங்கைப் பாதையின் சேற்றில் ஒருவர் வழுக்க, எல்லோரும் பதறிப் பாடையை இறுகப் பிடித்தார்கள். பிறகு, அக்காவின் கேலிப் பேச்சு நினைவுக்கு வந்ததுபோல், அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார்கள். அழுதுகொண்டு வந்த தம்பியாரும் சிரித்தார்.

போய் வாங்கோ, அக்கா. திங்கட்கிழமை வகுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.