பேட்டரியைக் கழற்றியபோதெல்லாம் வந்த மோர்

விற்கப்போகிற வண்டிக்கு யாரும் புதிய பாட்டு செட் மாட்டமாட்டார்கள். இந்த ஒரு நியாயத்தை நம்பித்தான் டவுன்ஹால் ரோட்டுக்குப் போய்த் தொடுதிரை வைத்த செட் ஒன்றும், முன்கதவுகளுக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கி வந்தேன். பாட்டுக் கேட்பதில் எனக்கு ஆசை உண்டு. பழைய செட் கரகரத்ததும் உண்மை. ஆனால் அந்த வாரத்து அவசரம் பாட்டுக்காக அல்ல. பெங்களூரில் இருக்கும் மகன் என் காரை விற்கப் பார்க்கிறான் என்றும், என் மனைவி அதற்கு உடந்தை என்றும் எனக்குச் சந்தேகம் வந்திருந்தது.

சந்தேகப்படுவது நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலை. அரசுத் துறை ஒன்றில் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். மெமோ கொடுப்பது, விளக்கம் கேட்பது, சாட்சியை விசாரிப்பது, அறிக்கை எழுதுவது என்று எல்லா நடைமுறையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை பிசகாமல் சொல்வேன். ஓய்வுக்குப் பிறகு நடைமுறை மிஞ்சியது. விசாரிக்கத்தான் வீட்டில் இருப்பவர்களை விட்டால் ஆள் இல்லை.

விஷயம் தொடங்கியது எழுமலை ரோட்டில். அங்கே எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. ஒருநாள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது சர்க்கரை குறைந்து கண்ணைக் கட்டியது. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பியதன் பலன். வண்டியை முறைப்படி ஓரம் கட்டி, விளக்கைச் சிமிட்ட விட்டு, பையில் இருந்த மிட்டாயைத் தின்று, சீட்டைச் சாய்த்துப் படுத்தேன். அப்படியே தூங்கிப்போனேன். போனில் சார்ஜ் இல்லை. நான் வீடு வந்து சேர்ந்தபோது என் மனைவி போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து மகன் போன் செய்யும்போதெல்லாம் ஒரே பேச்சு. "வெளிய போகணும்னா ஆக்டிங் டிரைவர் வெச்சுக்கங்கப்பா. இல்லைன்னா வண்டியக் குடுத்துருவோம். எதுக்கு ரிஸ்க்கு?"

பேச்சு திடீரென்று நின்றது. நின்றதுதான் எனக்கு உறுத்தியது. விட்டுக்கொடுக்கிற ரத்தம் அவன் உடம்பில் ஓடவில்லை என்பது பெற்றவனுக்குத் தெரியாதா? அடுத்து, இன்சூரன்ஸ் பார்க்க வேண்டும் என்று சொல்லி ஆர்.சி. புத்தகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான். பிறகு ஒருநாள் நான் பென்ஷனர் கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில், காரில் என்ன அழுக்கு என்று ஒருநாளும் பார்த்திராத என் மனைவி தானாகவே ஆளை வரவழைத்து அதை வாட்டர் வாஷுக்கு அனுப்பியிருந்தாள். வண்டி பளபளப்பாக நின்றது. டிரைவர் சீட் முன்னால் நகர்ந்திருந்தது. டேஷ்போர்டின் இடுக்கில் யாரோ விரல் வைத்த தடம் இருந்தது. விற்பனைக்குக் காட்டிவிட்டு வந்திருக்கிறார்கள் என்று முதல்நிலை முடிவுக்கு வந்தேன்.

பதிலுக்குத்தான் செட் வாங்கப் போனேன். கடைக்காரர் மரியாதையாகவே சொன்னார். "வண்டியக் கொண்டாந்து நிப்பாட்டுங்கண்ணே. நம்ம பயலுக மாட்டிக் குடுத்துருவாய்ங்க."

"நானே மாட்டிக்கிறேன்."

"நீங்களேவா? வயரு மாத்திக் குடுத்தீங்கன்னா செட்டு புகைஞ்சிரும்ணே. அப்புறம் எங்களத் தேடி வரக் கூடாது."

"உங்களத் தேடி வராம இருக்கத்தான் நானே மாட்டுறேன்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கடையில் மாட்டக் கொடுத்தால் கதவின் கிளிப் இரண்டு உடையும், நல்ல வயர் ஒன்றை வெட்டி மொட்டை வயரை முறுக்கி டேப் சுற்றுவார்கள், அது தெரியாமல் இருக்கப் பாட்டைச் சத்தமாக வைத்துக் காட்டுவார்கள். பௌதிகம் படித்தவன் இதைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்க முடியாது.

செல்லூரில் எங்கள் சந்து, எதிரே ஸ்கூட்டர் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அகலம். இரண்டு பக்கமும் விசைத்தறி. வீட்டின் முன்னறையை இடித்துத்தான் காருக்கு இடம் செய்தேன். தறிச் சத்தத்தில் அந்த இடத்தில் யார் என்ன செய்தாலும் வீட்டுக்குள் கேட்காது. மனைவி சமையலறையில் இருந்த காலை நேரமாகப் பார்த்து, அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் பானட்டைத் திறந்தேன். மின்சார வேலையில் முதல் விதி, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுவது. கழற்றினேன்.

ஸ்குரூடிரைவரைக் கையில் எடுத்திருப்பேன். மனைவி செம்பில் மோருடன் வந்து நின்றாள்.

"என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியலயா? செட்டு மாட்டுறேன்."

"அம்புட்டுத்தானா?" என்று காரைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். எங்கள் மண வாழ்க்கையில் நான் கேட்காமல் மோர் வந்தது அதுவே முதல் தடவை. குடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

கதவின் உள்பக்க அட்டையைப் பெயர்க்க, பழைய வேட்டித் துணி சுற்றிய பிளாஸ்டிக் ஸ்கேல் போதும். கிளிப் ஒன்றுகூட உடையவில்லை. பழைய ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு விளிம்பெல்லாம் கிழிந்திருந்தது. புதிய ஸ்பீக்கரில் எது பிளஸ், எது மைனஸ் என்று அச்சடித்திருந்தார்கள். அச்சடித்ததை நம்பி நான் எதையும் செய்ததில்லை. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி வந்து இரண்டு முனையிலும் வயரால் தொட்டுப் பார்த்தேன். கூம்பு வெளியே தள்ளினால் சரி, உள்ளே இழுத்தால் மாறியிருக்கிறது என்று பொருள். ஒரு கதவு சரியாகவும் மற்றது மாற்றியும் இருந்தால் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றை ஒன்று எதிர்த்து அடித்து, கனத்த ஓசையெல்லாம் காணாமல் போகும். அச்சு சரியாகவே இருந்தது. ஏமாற்றம்தான்.

கதவுகள் முடிந்ததும் பேட்டரியை மாட்டி, பழைய செட்டிலேயே பாட விட்டுச் சோதித்தேன். திருப்தி. பழைய செட்டை வெளியே எடுப்பதற்காக மறுபடியும் மைனஸ் முனையைக் கழற்றினேன். மறுபடியும் மோர் வந்தது.

"இப்பத்தானே குடிச்சேன்?"

"வெயிலா இருக்கேன்னு கொண்டாந்தேன். குடிச்சா குடிங்க, இல்லைன்னா வைங்க."

ஒரு முறை வந்தால் மோர். மறுமுறையும் வந்தால் சாட்சியம். பேட்டரியைக் கழற்றுவதற்கும் இவள் வருவதற்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது. தறி ஓடுகிற சந்தில் ஸ்பேனர் சத்தம் உள்ளே கேட்க வழியில்லை. முனையைத் திரும்ப மாட்டிவிட்டுக் காத்திருந்தேன். அவள் வற்றல் ஊற்ற மொட்டைமாடிக்குப் போனாள். படியில் அவள் காலடி மறைந்ததும் கழற்றினேன். கொஞ்ச நேரத்தில் கை நிறையக் கூழோடு படியிறங்கி வந்தாள். மோர் கொண்டுவர அவகாசம் இருந்திருக்காது. இடுப்பில் போன் செருகியிருந்தது.

"இன்னும் முடியலையா?" என்றாள்.

"முடியப் போகுது," என்றேன்.

அவள் திரும்பிப் போனதும் செட்டைச் சட்டத்தோடு வெளியே இழுத்தேன். பின்னால் வயர்க் கொத்து. மஞ்சள் வயர் பேட்டரியில் இருந்து நேராக வருவது. சாவி எடுத்த பிறகும் உயிரோடு இருக்கும். அந்த மஞ்சளில் மெல்லிய சிவப்பு வயர் ஒன்றை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. மற்ற டேப்பெல்லாம் வெயிலில் இளகிப் பிசுபிசுத்துக் கிடக்க, இது மட்டும் புதுக் கறுப்பு. வயரைத் தடவிக்கொண்டே போனேன். டேஷ்போர்டுக்குள் கைவிட்டுத் துழாவியபோது தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தேன். பேட்டரியைக் கழற்றிப் போட்ட வண்டிக்குள், தன் சொந்தப் பேட்டரியில் ஒரு பச்சை விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. என் சந்தேகம் சரி என்ற நிம்மதி. கோபம் அதற்குப் பிறகு வரிசைப்படி வந்தது. உள்ளே போய்க் கூப்பிட்டேன். கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

"இது என்ன?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. வண்டி எங்க நிக்குதுன்னு காட்டுற பொட்டி."

"யார் வெச்சது?"

"நாந்தான். வாட்டர் வாஷுக்கு விட்ட அன்னிக்கு."

மறுப்பாள் என்று எதிர்பார்த்து வைத்திருந்த அடுத்த கேள்விகள் எல்லாம் வீணாயின. குற்றத்தை உடனே ஒப்புக்கொள்ளும் ஊழியரைப் போல விசாரணை அதிகாரிக்குத் தொந்தரவு தருபவர் யாருமில்லை.

"வண்டி என் பேர்ல இருக்கு. யாரக் கேட்டு வெச்ச?"

"எழுமலை ரோட்டுல போனை அமத்திப்புட்டுத் தூங்குனீங்களே, அன்னிக்கு யாரக் கேட்டீங்க?"

"அமத்தல. சார்ஜ் இல்ல."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். மனுசன் இருக்காரா இல்லையான்னு தெரியாம நான் உக்காந்திருந்தேன்ல."

நான் இடுக்கியைக் கையில் எடுத்தேன். அந்தச் சிவப்பு வயரை ஒரு நறுக்கில் எடுத்துவிடலாம். அப்போது அவள் இடுப்பில் போன் அடித்தது. மகன். வழக்கம்போல் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, வண்டிக்கு என்னாச்சு? பவர் கட்டு, பவர் கட்டுன்னு மெசேஜ் வந்துட்டே இருக்கு. எவனும் திருடுறானா?"

"ஆமா. உங்கப்பாதான் திருடுறாரு. புதுசா பாட்டு செட்டு மாட்டுறாருடா."

"விக்கப்போற வண்டிக்கு எதுக்கும்மா செட்டு? ஆள் பாத்தாச்சுன்னு சொன்னேன்ல?"

நான் அவளைப் பார்த்தேன். உடந்தையின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது என் தொழில்.

"எவன் விக்கப்போறது?" என்றாள். "பொட்டி வெச்சா வண்டி இருக்கட்டும்னு ஒத்துக்கிட்டயா இல்லையா? வெச்சாச்சு. அப்புறமும் எதுக்கு ஆள் பாக்குற? வண்டிய வித்துட்டு இந்த மனுசன் நாள் பூரா வீட்டுல உக்காந்தா, விசாரண பண்ணியே என்னயக் கொன்னுருவாருடா. நீ வந்து பதில் சொல்றயா?"

"அப்ப பொட்டியக் கழட்ட வேணாம்னு சொல்லுங்க," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

"கழட்டுறதுன்னா கழட்டுங்க," என்றாள் என்னிடம். "அடுத்து அவன் என்ன செய்வான்னு உங்களுக்கே தெரியும். இன்னொண்ணு. உசிலம்பட்டியில எதுக்கு அம்புட்டு நேரம் நிக்கிறீங்க? மிட்டாய்க் கடை வாசல்லதான் போனுல புள்ளி நிக்குது."

"சர்க்கரை குறையாம இருக்கத்தான்."

"ஆமா, ஆமா," என்று மாடிக்குப் போய்விட்டாள். கூழ் காய்ந்துவிடுமாம்.

வெகுநேரம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். என் சந்தேகத்தில் பாதி உண்மை: மகன் ஆள் பார்த்திருந்தான். மறுபாதியில் நான் தேடிய குற்றவாளிதான் எனக்காக வாதாடிக்கொண்டிருந்திருக்கிறாள். இந்த மாதிரி கேஸில் அறிக்கை எப்படி முடிப்பது என்று எந்த நடைமுறையிலும் இல்லை. வயரை வெட்டினால் என் கௌரவம் இருக்கும், கார் இருக்காது. விட்டால் கார் இருக்கும், நான் மிட்டாய்க் கடையில் நிற்பது பெங்களூர்வரை தெரியும்.

கடைசியில் டேப்பைப் பிரித்தேன். எவனோ அவசரத்தில் ஃபியூஸ்கூட இல்லாமல் முறுக்கியிருந்தான். அதை வெட்டி, நடுவில் ஃபியூஸ் கொடுத்து, முனைகளைப் பற்றவைத்து, உறை மாட்டினேன். என் வண்டியில் என்னையே வேவு பார்க்கிற பெட்டியாக இருந்தாலும் இணைப்பு ஒழுங்காக இருக்க வேண்டும். பிறகு செட்டை உள்ளே தள்ளி, போனில் பேசுவதற்கான அதன் மைக்கை ஸ்டியரிங் ஓரத்தில் ஒட்டி, பேட்டரியை மாட்டினேன். யாரும் வரவில்லை. நாகஸ்வரம் ஒன்றைப் போட்டேன். தறிச் சத்தத்தை மீறிச் சந்து முழுக்கக் கேட்டது.

அடுத்த வாரம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, எழுமலைக்குத் தனியாகக் கிளம்பினேன். உசிலம்பட்டியைத் தாண்டியதும் ரோட்டை அடைத்துக்கொண்டு ஆட்டு மந்தை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். செட்டில் மணி அடித்தது. மனைவியின் குரல் இரண்டு கதவில் இருந்தும் வந்தது.

"ஏன் நின்னுட்டீங்க?"

"ஆடு போகுது."

"ஆடா?"

கண்ணாடியை இறக்கிவிட்டேன். மணியும் கத்தலும் மேய்ப்பவரின் அதட்டலுமாக மந்தை வண்டியை உரசிக்கொண்டு போனது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மூச்சு விடுவதுகூடத் துல்லியமாக வந்தது.

"சரி," என்றாள். "எம்புட்டு ஆடு?"

எண்ணிச் சொல்ல ஆரம்பித்தேன்.