லொரெட்டாவின் மரத்துப்போன கை

லொரெட்டா பிங்க்லி டேட்டன் ஊரில் ஒரு பல் வைத்தியரிடம் போன் எடுக்கிற வேலை பார்த்தாள். மீதி நேரத்தில் செலஸ்ட் ரேவன் என்ற பெயரில் நாவல் எழுதினாள். பதினொரு நாவல். எல்லாவற்றிலும் ஒரு பணக்காரன் ஒரு பெண்ணைக் கட்டிப்போடுவான். அவளை ஒரு வார்த்தை கேட்க மாட்டான். அவளும் போதும் என்று சொல்ல மாட்டாள். எழுதினவளோ ஆயுளில் ஒரு கயிற்றைத் தொட்டதில்லை. ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும், அவளைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பிப்ரவரியில் கொலம்பஸில் ஒரு ஓட்டலில் எங்கள் மாநாடு நடக்கும். கயிற்றால் கட்டுவதிலும் கட்டப்படுவதிலும் பிரியம் உள்ள வயதுவந்தவர்கள், கேட்டு, சம்மதம் வாங்கி, ஒருவரை ஒருவர் கட்டுகிற கூட்டம். என் வீட்டுக்காரர் வெர்ன் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். எத்தனையோ வருஷம் காத்திருந்து, இந்த முறைதான் ஞாயிறு மத்தியானம் வகுப்பு எடுக்க அவருக்கு இடம் கிடைத்திருந்தது. கிறிஸ்துமஸிலிருந்தே சமையலறை நாற்காலியைக் கட்டிக் கட்டிப் பழகினார். நாற்காலியிடம்கூட "வலிக்குதா?" என்று கேட்பார்.

எனக்கு ஓய்வறை வேலை. கட்டு அவிழ்த்தவர்கள் வந்து போர்வையைப் போர்த்திக்கொண்டு, பிஸ்கட் தின்று, அழத் தோன்றினால் அழுதுவிட்டுப் போகிற அறை. அங்கே பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் சட்டம்.

லொரெட்டா கதைக்குச் சரக்கு தேடி வந்தாள். புதுத் தோல் உடுப்பு. நடந்தால் கதவு திறக்கிற மாதிரி சத்தம். நாங்களெல்லாம் பழைய பனியனும் காலுறையுமாகக் காபிக்கு வரிசையில் நின்றோம்.

"இவ்வளவுதானா? ஆபத்தான ஆளுங்கெல்லாம் எங்க?" என்றாள் வெர்னிடம்.

"இங்க ஆபத்துன்னா இந்தக் காபிதாம்மா," என்றார் அவர்.

சனிக்கிழமை தன்னைக் கட்டும்படி வெர்னிடமே கேட்டாள். கைகளைப் பின்னால் வைத்துக் கட்டினார். "விரல் எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவளும் "பிரமாதம்!" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவிழ்த்தபோது வலது கை வெந்த சேமியா மாதிரித் தொங்கியது.

யாருக்காவது அடிபட்டால் முதலில் உட்காரவைத்துத் தின்னக் கொடுப்போம்; விசாரணை எல்லாம் பிறகுதான். அதனால் அவளை என்னிடம் கொண்டுவந்தார்கள். போர்த்திவிட்டு, இடது கையில் ஓட்ஸ் பிஸ்கட்டைக் கொடுத்து, வலது கையைத் தேய்த்துவிட்டேன். நான் யாரென்று தெரியாமல் அவள் பேச ஆரம்பித்தாள்.

"கட்டின கொஞ்ச நேரத்துலயே விரல் செத்துப்போச்சு, கண்ணு. நான் வாயத் தொறக்கலியே! என் கதாநாயகி தொறப்பாளா?"

"அவரு கேட்டாரே?"

"நச்சு நச்சுன்னு கேட்டான். பொய் சொல்லித்தான் அவன் வாய அடைச்சேன்." இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் கமிட்டித் தலைவி டெல்ஃபின் வந்து அவளை வெளியே கூட்டிப்போய் விசாரித்தாள். "ஞாபகமில்லீங்க. கேட்ட மாதிரியும் இருக்கு, கேக்காத மாதிரியும் இருக்கு," என்றாளாம் இந்த அம்மாள். கேட்டார் என்று கட்டப்பட்டவர் உறுதியாகச் சொல்லாவிட்டால், கட்டியவர் மேல்தான் பழி. வெர்னின் வகுப்பை ரத்து செய்துவிட்டார்கள்.

எங்கள் ஓட்டல் அறையில் அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "நான் கேட்டேன்தானே, வில்மா?"

"கேட்டிருப்பீங்க. நாற்காலியையே கேக்குற ஆளு."

உண்மை என் வாய்க்குள் இருந்தது. ஆனால் ஓய்வறைப் பேச்சை வெளியே சொன்னால், நாளைக்கு அங்கே வந்து யார் அழுவார்கள்? அவளிடமே போய்க் கேட்டேன்.

"அவரு என் வீட்டுக்காரருங்க. நீங்களே போயி உள்ளதச் சொல்லிடுங்கம்மா."

"அடடா, பாவம்! ஆனா எனக்குன்னு ஒரு பேரு இருக்கு, கண்ணு. கட்டப் பத்தி எழுதறவளுக்கு விரல் மரத்ததச் சொல்லத் தெரியலன்னு சிரிக்க மாட்டாங்க?"

ஞாயிறு காலை, இவளை வெறுக்காமல் இருக்க உதவி செய்யும் ஆண்டவரே என்று ஜெபம் பண்ணினேன். உடனே உதவி வரவில்லை.

பத்து மணிக்கு மாநாட்டில் எழுத்தாளர் கூட்டம்; லொரெட்டாவையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கை சரியாகிவிட்டதால் அதே கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டாள். முன்னால் நூறு தலைகளைக் கண்டதும் அவளுக்குள் என்னவோ ஏறிவிட்டது.

"விரல் எப்படி, விரல் எப்படின்னு அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு! எனக்கு விரலே இல்ல! இருந்தும் 'பிரமாதம்'னேன்! கதைக்காக நான் பட்ட பாட்டப் பாருங்க!" என்று கைதட்டலுக்கு நிறுத்தினாள்.

ஒருவரும் தட்டவில்லை. இரண்டாவது வரிசையிலிருந்து டெல்ஃபின் எழுந்தாள்.

"நேத்து ஞாபகமில்லன்னீங்க?"

"அது வந்து... அப்ப ஒரு மயக்கம்..."

"மைக்கப் பாத்ததும் தெளிஞ்சிருச்சாக்கும்."

வெர்னுக்கு வகுப்பு திரும்பக் கிடைத்தது. லொரெட்டாவுக்கு அப்போதும் புத்தியில் ஏறவில்லை. மத்தியானம் கூடம் முழுக்கச் சுற்றி, தன்னைக் கட்டச் சொல்லி ஒவ்வொருவரிடமும் கேட்டாள். எல்லோரும் மரியாதையாக "வேண்டாங்க" என்றார்கள். ஏன் என்று கேட்டாள். எங்களிடையே வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை.

கடைசியில் ஓய்வறைக்கு வந்தாள். "ஒரு பிஸ்கட் கெடைக்குமா, கண்ணு?"

கொடுத்தேன். பசி என்று வந்தவருக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வராது. தின்றுகொண்டே போர்வைக்குக் கை நீட்டினாள்.

"அது கட்டு அவுத்தவங்களுக்குங்க," என்று மடித்து அலமாரியில் வைத்தேன்.

பக்கத்து அறையில் நடந்த வகுப்பிலிருந்து வெர்னின் குரல் கேட்டது. "விரல் எப்படி இருக்கு?"

"இடது கை கொஞ்சம் மரக்குதுங்க," என்றது ஒரு பெண்ணின் மெல்லிய குரல்.

"சொன்னது நல்லதாப் போச்சும்மா. இந்தா, அவுத்துடறேன்."

லொரெட்டா பிஸ்கட் துணுக்கைத் தோல் உடுப்பிலிருந்து தட்டிக்கொண்டிருந்தாள்.