இரட்டைப்படைப் பக்கங்கள்

“அம்மா, நீ வாசிக்கறப்போ பக்கத்தைத் திருப்புறது யாரு?”

ஏழு வயதுக் குழந்தை படுக்கையில் புரண்டுகொண்டே கேட்ட கேள்வி இது. அம்மாக்காரி சிரித்தாள். “நான்தான்டி, வேற யாரு?” என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள். அணைத்த கை அப்படியே நின்றது.

அவள் எந்தப் பக்கத்தையும் திருப்பவில்லை. திருப்புவதற்குத் தாளே கிடையாது. அவள் வாசித்துப் பதிவு செய்தது கணினித் திரையைப் பார்த்து.

இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் அந்தப் பதிவு இன்றைக்கும் பத்திரமாக இருக்கிறது. காது உள்ளவர்கள் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். நடந்தது நடந்தபடியே சொல்கிறேன்.

அவள் வேலை பார்ப்பது ஒரு பல்கலைக்கழக நூலகத்தில். தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்கென்று அங்கே தனிப் பிரிவு உண்டு. அவர்களில் பாதிப் பேருக்கு மேல் வணிக நிர்வாகம் படிக்கிறவர்கள். கடை வைத்திருப்பவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுப் பாடப் புத்தகத்தைத் திறக்கிறவர்கள். வகுப்பறை வாசலை மிதிக்காதவர்கள். அவர்களுக்குப் புத்தகம் தபாலில் போகும். கட்டுரைகள் கணினி வழியே போகும். கண் பார்வை இல்லாதவர்களுக்கு அவளுடைய குரல் போகும்.

பாடப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை சத்தமாக வாசித்துப் பதிவு செய்வாள். முகமே பார்த்திராத மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் குரலக்கா.

பதிவு அறை இரண்டாம் மாடியின் கோடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் பஞ்சு அட்டை. ஒரு மேசை, ஒரு திரை, ஒரு மைக், ஒரு ஹெட்போன். படிப்பவர்கள் நாற்காலியை இழுக்கும் சத்தம்கூடப் பதிவாகிவிடும் என்பதால், கூட்டம் கலைந்த பிறகு மாலையில்தான் உட்காருவாள். எப்படி வாசிக்க வேண்டும் என்று சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பக்கம் தொடங்கும்போதும் பக்க எண்ணைச் சொல்ல வேண்டும். கட்டம் போட்ட பட்டியல் வந்தால் எண்களை வாசித்து நேரத்தைக் கடத்த வேண்டாம், ‘பட்டியலைப் பார்க்கவும்’ என்று சொல்லிவிட்டு மேலே போகலாம். அவளுக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் வாசித்தார்கள். யாரும் குறை சொன்னதில்லை.

அந்த மாதம் அவள் வாசித்துக்கொண்டிருந்தது மேலாண்மைக் கணக்கியல். கேட்டிருந்தவள் ஒரு பெட்டிக்காரம்மா. அட்டைப்பெட்டி செய்யும் பட்டறை அவளுடையது. கணவர் இல்லை. சர்க்கரை நோயில் பார்வையும் போய்விட்டது. கண் தெரியாதவள் எப்படிக் கணக்குப் பார்ப்பாள் என்று கணவரின் அண்ணன் பட்டறைச் சாவியைக் கேட்டார். “இந்த ஒரு தாளை எழுதிப் பாஸாகிக் காட்டறேன். ஆகலைன்னா சாவி உங்களுக்கு” என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். பல்கலைக்கழகத்தில் அவள் பேர் பதிந்த காலம் அந்த வருடத்தோடு முடிகிறது. அதற்குப் பிறகு எழுத முடியாது.

“குரலக்கா, எவ்ளோ தூரம் வந்திருக்கீங்க?” என்று ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்வாள்.

“பாதியைத் தாண்டிட்டேன்மா.”

“கொஞ்சம் ஓடுங்க தாயே. மூத்தார் சாவிக்கொத்துக்கு இப்பவே புது வளையம் வாங்கிட்டாரு. பளபளன்னு இருக்காம். என் கண்ணுக்குத் தெரியாதுன்னு என்கிட்டயே காட்டறாரு.”

பதிவில் தவறு இருக்கிறதா என்று குரலக்கா வீட்டில் ஒருமுறை போட்டுக் கேட்பது வழக்கம். மகளுக்கு அதுதான் தாலாட்டு. “அந்தச் சரக்குக் கையிருப்புக் கதையைப் போடும்மா. சீக்கிரம் தூக்கம் வரும்” என்பாள். அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த இரவில்தான் அந்தக் கேள்வி வந்தது.

மறுநாள் மதியம் நூலகத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள்.

பதினோராவது நிமிடம். ‘பக்கம் நூற்றுப் பன்னிரண்டு’ என்று அவள் குரல் சொன்னது. உடனே…

சர்ரக்.

தாள் புரளும் சத்தம். அதில் சந்தேகமே இல்லை. நூற்றுப் பதின்மூன்று வந்தது. சத்தம் இல்லை. நூற்றுப் பதினான்கு. சர்ரக். நூற்றுப் பதினைந்து. அமைதி. நூற்றுப் பதினாறு. சர்ரக்.

அவள் எழுந்து அலமாரிக்குப் போய் அதே புத்தகத்தின் அச்சுப் பிரதியை எடுத்துப் பிரித்தாள். நூற்றுப் பன்னிரண்டும் பதின்மூன்றும் எதிரெதிரே இருந்தன. பதினான்கைப் பார்க்கத் தாளைத் திருப்ப வேண்டும். பதினைந்துக்குத் திருப்ப வேண்டாம்.

பிரித்த புத்தகத்தை அப்படியே மூடினாள்.

அவள் வாசிக்கும்போது யாரோ கூடவே உட்கார்ந்திருக்கிறார்கள். மடியில் புத்தகத்தோடு. ஒரு பக்கம்கூடத் தவறாமல்.

வேலையை விட்டுவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அடுத்த வாரம் பரீட்சை. வாசிக்க வேறு ஆள் இல்லை. பேய்க்குப் பயந்து விடுப்பு கேட்டால் எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்? கண்ணை மூடி ஒரு நிமிடம் இறைவனை நினைத்துக்கொண்டாள். ‘ஒருத்திக்கு உதவி செய்யத்தான் போறேன். நீ பாத்துக்கோ’ என்று அவனிடமே விட்டுவிட்டு மாடிப்படி ஏறினாள்.

மாலை ஆறே முக்கால். கதவைச் சாத்தினாள். ஹெட்போனை மாட்டினாள். மைக்கில் விழுவதெல்லாம் அப்போதே காதில் கேட்கும்படி வைத்துக்கொண்டாள்.

“பக்கம் நூற்று நாற்பது.”

சர்ரக்.

ஹெட்போனைக் கழற்றினாள். அறையில் ஒரு சத்தமும் இல்லை. மறுபடி மாட்டினாள். மிக அருகில், யாரோ மூச்சு விட்டார்கள். மெதுவாக. பொறுமையாக.

வாசித்தாள். நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்ற பயத்தில் வாசித்தாள். நூற்று நாற்பத்திரண்டு. சர்ரக். நூற்று நாற்பத்து நான்கு. சர்ரக்.

“பக்கம் நூற்று நாற்பத்தாறு.”

சர்ரக்.

“பட்டியல் ஏழைப் பார்க்கவும்.” அந்தப் பட்டியல் இரண்டு பக்கத்துக்கு நீண்டிருந்தது. வழக்கம்போலத் தாண்டினாள். “பக்கம் நூற்று நாற்பத்தெட்டு.”

சத்தம் வரவில்லை.

காத்திருந்தாள்.

தாள் புரளவில்லை.

அடுத்த வரியைத் தொடங்கினாள். அப்போது…

ஸ்… ஸ்… ஸ்…

தாளின் மேல் ஏதோ உரசியது. மேலிருந்து கீழே. பிறகு இடமிருந்து வலமாக. மறுபடியும் மேலே.

விரல்.

வழவழப்பான தாளை ஒரு விரல் தடவிக்கொண்டிருந்தது.

எதையோ தேடியது.

கிடைக்கவில்லை.

ஸ்… ஸ்… ஸ்…

அவள் குரலை உயர்த்தினாள். உரசலும் வேகமாயிற்று. ஒரு விரல் இல்லை இப்போது. பத்து விரல்கள்.

நெருங்கி வந்தன.

இன்னும் நெருங்கி…

மூச்சு திணறியது. அவளுடைய மூச்சு அல்ல.

எழுந்துவிட்டாள். கை கதவுப் பிடியில். ஹெட்போன் வயர் இழுபட்டு அவளைப் பின்னுக்கு இழுத்தது.

ஸ்… ஸ்…

அந்த நொடியில்தான் அவளுக்கு உறைத்தது.

பார்க்கவும்.

யாரைப் பார்க்கச் சொன்னாள்?

கண் தெரியாதவர்களுக்கு என்றே வாசிக்கிற வாயால், பார்க்கவும், பார்க்கவும் என்று இத்தனை வருடம் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு முன்னால் இருந்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள். சுவரில் ஒட்டிய தாளை எழுதியவருக்கும் தோன்றவில்லை, படித்தவர்களுக்கும் தோன்றவில்லை. பெட்டிக்காரம்மா அந்த இடத்தில் என்ன செய்திருப்பாள்? யாரிடம் கேட்டிருப்பாள்? பயம் இருந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. கதவுப் பிடியை விட்டாள்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“மன்னிச்சுக்குங்க,” என்றாள் மைக்கைப் பார்த்து. “வாசிக்கறேன். பக்கம் நூற்று நாற்பத்தாறு. பட்டியல் ஏழு. ஒரு பட்டறையின் ஆறு மாதச் செலவு. மொத்தம் அஞ்சு கட்டம். முதல் கட்டத்துல மாதம். ரெண்டாவதுல மூலப்பொருள்…”

உரசல் நிதானமாயிற்று. அவள் ஒரு வரியைச் சொன்னால் விரல் ஒரு வரி நகர்ந்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது. கடைசி எண்ணைச் சொன்னபோது ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. தூக்கி வந்த சுமையை இறக்கி வைத்தவர் விடும் பெருமூச்சு.

“பக்கம் நூற்று நாற்பத்தெட்டு.”

சர்ரக்.

அன்றைக்கு அவள் எழுந்து போகவில்லை. முன்னால் விட்டுப்போன ஆறு பட்டியல்களையும் தேடி எடுத்து வாசித்துச் சேர்த்தாள். அடுத்த நாலு மாலைகளில் மீதிப் புத்தகத்தையும் முடித்தாள். தாள் புரளும் சத்தம் கடைசிப் பக்கம் வரை வந்தது. அவளும் பழகிப்போய், எண்ணைச் சொல்லிவிட்டுத் திருப்புவதற்கு ஒரு நொடி இடம் விட்டு வாசித்தாள்.

பரீட்சை முடிந்தது. முடிவு வந்த அன்று போன் வந்தது.

“குரலக்கா! சாவி என் இடுப்புலயே இருக்கு!”

“பாஸா?”

“பாஸாவது! முக்கால்வாசிக் கேள்வி பட்டியல் போட்டுத்தான். நான் சொல்லச் சொல்ல எழுதின பொண்ணு, எப்படிம்மா கட்டம் கட்டமா மனசுலயே வெச்சிருக்கீங்கன்னு வாயைப் பொளந்துடுச்சு. மூத்தார் அந்த வளையத்துல இப்ப சைக்கிள் சாவியை மாட்டிக்கிட்டாரு, பாவம்.” சிரித்து முடித்தபின் கேட்டாள். “ஆமா, உங்க கூட உக்காந்து பக்கம் திருப்பினாரே, அந்த ஐயா யாரு?”

குரலக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். “ஐயான்னு… எப்படித் தெரியும்?”

“பேசினாரே! ஏழாம் பட்டியல் முடிஞ்சதும் ‘புரிஞ்சுதும்மா’ன்னு சொன்னாரே. நல்ல கனமான குரல். எனக்கும் துணைக்கு ஆள் இருக்கற மாதிரி இருந்துச்சுக்கா. தனியாப் படிக்கறேன்னே தோணல.”

அன்று மாலையே அந்த இடத்தைப் போட்டுக் கேட்டாள். இருபது தடவை கேட்டாள். பெருமூச்சு இருந்தது. பேச்சு எதுவும் இல்லை.

மறுநாள், தபாலில் புத்தகம் அனுப்பும் பிரிவில் இருந்த பார்சல் அண்ணனிடம் போனாள். சுற்றி வளைத்துத்தான் கேட்டாள்.

“அண்ணே, கண்ணு தெரியாதவங்களுக்கு நம்ம பதிவை மட்டும்தானே அனுப்புவோம்?”

“ஆமா. புத்தகம் எதுக்கு அவங்களுக்கு?” நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னவர், கையை நிறுத்தினார். “ஒருத்தருக்கு மட்டும் ரெண்டையும் அனுப்பினோம். நீ வர்றதுக்கு முன்னாடி. பல்புக் கடைக்காரர். பிறவியிலேயே பார்வை இல்ல. ‘எனக்குத் தேவையில்லாததைத்தான் ஊருக்கு விக்கறேன்’னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. கடை போர்டுல பேருக்குப் பின்னாடி பட்டம் போடணும்னு அவருக்கு ஒரு ஆசை.”

“அவருக்குப் புத்தகம் எதுக்காம்?”

“நானும் கேட்டேன். எல்லாரும் புத்தகத்தைப் பிரிச்சு வெச்சுத்தானே படிக்கறாங்க, நானும் அப்படிப் படிக்கறேன்னாரு. மடியில வெச்சுக்குவாராம். பதிவுல பக்க எண் சொல்லச் சொல்ல, இவரு தாளைத் திருப்பிக்கிட்டே வருவாராம்.”

அவளுக்குக் கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் கேட்டாள். “இப்ப எங்க இருக்காரு?”

“அவரா? காய்ச்சல்ல போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆச்சேம்மா. எல்லாத் தாளும் தேறிட்டாரு. செலவுக் கணக்கியல் மட்டும் மூணு தடவை எழுதியும் தேறல. பட்டியல் கேள்வி வந்தா அப்படியே விட்டுட்டு வந்துடுவேன்னு சொல்லுவாரு. ஏன்னு நாங்க யாரும் கேட்டுக்கல.”

செலவுக் கணக்கியல் புத்தகம் இப்போது பாடத்திட்டத்தில் கிடையாது. கழித்துக் கட்டிய புத்தகங்களோடு கீழ்த்தளத்தில் கிடந்தது. அவள் அதை எடுத்துத் தூசி தட்டி மாடிக்குக் கொண்டுபோனாள். யாரும் கேட்டு எழுதியிருக்கவில்லை. எந்த மாணவர் பெயரிலும் அது சேரப் போவதில்லை. மாதாந்திர அறிக்கையிலும் வரப் போவதில்லை. தன் வேலையை முடித்த பிறகு தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாசித்தாள். பட்டியல்கள் நிறைய. ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சொன்னாள், அவசரம் இல்லாமல்.

வாசித்த அத்தனை நாளும் அவள் ஹெட்போனை மாட்டிக்கொள்ளவில்லை. பதிவைப் போட்டுச் சரிபார்க்கவும் இல்லை. ஹெட்போனை மேசையின் எதிர்ப்பக்கம் வைத்து, அதன் இரண்டு காதுகளையும் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தாள்.