பிரிக்பீல்ட்ஸில் பெய்யாத பனி

எங்கள் மச்சானிடம் ஒரு பஞ்சாங்கம் இருந்தது. தஞ்சாவூர்ச் சீமையில் யாரோ கணித்து, அங்கேயே அச்சடித்து, நாகப்பட்டினத்தில் கப்பலேறி, கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் கடைக்கு வந்து சேர்ந்த பஞ்சாங்கம். அதில் மாசிக்கு என்ன போட்டிருந்ததோ அதுதான் எங்கள் வீட்டில் மாசி. அந்த வருஷம் போட்டிருந்தது இது: இரவில் கடும்பனி, விடியற்காலையில் நடுக்கும் குளிர், பங்குனி பிறந்ததும் பகல் வெப்பம் படிப்படியாக ஏறும், மழை இல்லை.

கோலாலம்பூரில் மாசி எப்படியிருக்கும் என்று அங்கே ஒரு வருஷம் இருந்தவனுக்குக்கூடத் தெரியும். இரவும் பகலும் ஒரே புழுக்கம். மத்தியானம் மலைப்பக்கம் கறுத்து, நாலு மணிக்கு ஊற்றி, ஐந்து மணிக்கு மறுபடி புழுங்கும். மச்சான் அங்கே பதினோரு வருஷம் இருந்தவர். ரயில்வேயில் தண்டவாளத்தைத் திருப்பிவிடுகிற வேலை. வெயிலிலும் மழையிலும் வெட்டவெளியில் நிற்கிற மனிதர், வியர்வை சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்து, "இன்னைக்குப் பனி அதிகம்" என்பார்.

அந்த மாசியில் அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. முதல் பிள்ளை பத்தாம் நாளே போய்விட்டது. அதற்குக் காரணம் பனி என்று மச்சான் முடிவு கட்டியிருந்தார். ஆகவே இந்தப் பிள்ளையை அவர் விடவில்லை. ரயில்வேயில் கொடுத்த கம்பளியில் கழுத்துவரை சுற்றினார். அதற்குமேல் இன்னொரு கம்பளி. தலைக்குத் துணி. பலகை வீட்டின் ஒரே சன்னலில் கோணிச் சாக்கைத் திணித்தார். மேலே தகரக் கூரை. உள்ளே போனால் சோறு வேகிற பானைக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பக்கத்துத் தெருவில் சலவைக் கடையில் வேலை. துணி காயப்போடுகிறவனுக்கு வானத்தைப் பார்ப்பதே பிழைப்பு. அந்த ஊரின் வானம் மச்சானைவிட எனக்குத்தான் தெரியும். ஆனால் நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அவர் பஞ்சாங்கத்தை ராகம் போட்டு வாசிக்கும்போது எதிரே வாயைத் திறக்கிற தைரியம் எனக்கு இல்லை. அதுகூட உண்மையான காரணம் இல்லை. கம்பளியை எடுக்கச் சொல்லி, எடுத்த பிறகு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஒருவேளை நமக்குத் தெரியாத பனி ஒன்று ராத்திரியில் இறங்குகிறதோ? என் பேரில் பழி வருமோ? மூன்று வாரம் இப்படியே நினைத்து நினைத்துச் சும்மா இருந்தேன். மச்சானை நான் எவ்வளவு மட்டமாக நினைக்கிறேனோ, அதில் பாதியாவது எனக்கும் சேர வேண்டியது.

அடுத்த வீட்டில் யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவர், ரயில்வே ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். பஞ்சாங்கம் என்றாலே சிரிப்பார். படித்த மனிதர், அவராவது சொல்லுவார் என்று நம்பினேன். அவருக்கு மாதம் ஒருமுறை லண்டன் பேப்பர் கட்டுக்கட்டாகக் கப்பலில் வரும். அதில் வருகிற வானிலைச் சேதி, நாலு வாரம் பழசு, அதுதான் அவருக்கு வேதம். அங்கே குளிர்காலம் முடிகிறது, இரவில் தண்ணீர் உறைகிறது, பகல் மெல்லச் சூடு பிடிக்கிறது என்று போட்டிருந்தானாம். அதற்காக இவர் பிரிக்பீல்ட்ஸில் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு ஆபீஸ் போனார். முதுகில் உப்புப் பூத்திருக்கும்.

ஒரு காலையில் அவர் வேலி ஓரமாக வந்து மச்சானிடம் சொன்னார். "பருவம் மாறுற நேரம். இரவிலெ ஐஸ் கட்டுது, பகலிலெ சூடு ஏறுது. இப்பிடியான நேரத்திலெதான் பிள்ளையளுக்குச் சளி பிடிக்கிறது. கவனமா இருங்கோ."

பஞ்சாங்கமும் இங்கிலீஷ் பேப்பரும் ஒரே சேதியைச் சொல்லிவிட்டால் பிறகு யார் கேட்பது? மச்சான் அன்றைக்கே ஒரு சட்டியில் கரி மூட்டித் தொட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

மத்தியானம் நான் சாப்பிடப் போனபோது அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை விடியற்காலையிலிருந்து பால் குடிக்கவில்லை என்றாள். அழவும் இல்லையாம். குளிர் உள்ளே இறங்கிவிட்டது, இன்னும் மூட வேண்டும் என்று மச்சான் சொல்லிவிட்டுப் போனாராம். மூட இவளிடம் துணி தீர்ந்துபோயிருந்தது. தன் கல்யாணச் சேலையை மடியில் வைத்திருந்தாள்.

உள்ளே போய்ப் பார்த்தேன். முகம் மட்டும் தெரிந்தது, சுட்ட செங்கல் நிறம். வாய் சற்றுத் திறந்திருந்தது. மறுபடியும் அதே யோசனைகள் வரிசையாக வந்தன.

அக்கா என் பின்னால் வந்து நின்று கேட்டாள். "நீ சொல்லுடா. உனக்குக் குளிருதா?"

"இல்லக்கா."

"எனக்கும்தான் குளிரல. ஒரு நாள்கூடக் குளிரல."

சொல்லிக்கொண்டே கம்பளியைப் பிரித்தாள். ஒன்று, இரண்டு, தலைத்துணி. உள்ளே குழந்தையின் உடம்பு முழுக்க வேர்க்குரு வெடித்து, மடிப்புகளில் தோல் உரிந்து, துணியோடு ஒட்டியிருந்தது. நான் கரிச்சட்டியைத் தூக்கி வெளியே வைத்தேன், கை சுட்டதுகூடப் பிறகுதான் தெரிந்தது. சாக்கைப் பிடுங்கினேன். அக்கா துணியை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தாள். விரலால் பாலை உதட்டில் தடவினாள். முதலில் ஒன்றுமில்லை. அடுத்த தடவை நாக்கு அசைந்தது. எத்தனை நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. மழை பிடித்து, சன்னல் வழியாகக் காற்று வந்தபோது பிள்ளை முகத்தைச் சுளித்து அழுதது. அழுத வாயில் அக்கா பாலைக் கொடுத்தாள். குடித்தது.

மச்சான் சொட்டச் சொட்ட நனைந்து வந்து சேர்ந்தார். பாயில் அம்மணமாகப் பிள்ளை, திறந்த சன்னல், தகரத்தில் மழை. அவர் முதலில் செய்தது பஞ்சாங்கத்தைப் பிரித்தது. சட்டையிலிருந்து தண்ணீர் பக்கத்தின்மேல் சொட்டியது. இன்றைக்கு மழை போடவில்லையே என்றார்.

அக்கா பிள்ளையிடமிருந்து பார்வையை எடுக்காமல் சொன்னாள். "நீங்க ரயிலைப் பாத்துக்குங்க. இவனை நான் பாத்துக்கறேன்."

அவள் அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மச்சான் வேலியோரம் போய்க் கிராணியிடம், பொம்பளைப் பிள்ளைகள் சாஸ்திரத்தை மதிப்பதில்லை என்று முறையிட்டார். லண்டனிலும் இப்போது அப்படித்தான் என்று அவர் ஆறுதல் சொன்னார்.

பிள்ளையின் தோல் ஆற இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் மச்சான் வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரே கேள்விதான் கேட்பார்.

"சளி புடிச்சிருச்சா?"

இல்லை என்பாள் அக்கா. பிள்ளை காலை உதைத்துக்கொண்டு கிடக்கும். மச்சான் கிட்டே குனிந்து, மூக்கில் ஏதாவது ஒழுகுகிறதா என்று விளக்கைத் தூக்கிப் பார்ப்பார். ஒன்றும் ஒழுகாது. அப்போது அவர் முகம் தொங்கிப்போகும். சந்தோஷப்பட வேண்டிய தகப்பன், தன் பஞ்சாங்கம் தோற்றதற்கு வருத்தப்பட்டு நிற்பார். அந்த முகத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.