விளையாட்டுப் பட்டதாரி

வீட்டில் அவளைப் பூச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்தபோது அவ்வளவு சிறிதாக இருந்தாளாம். சான்றிதழில் இருந்த நீளமான பெயரைப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் மட்டுமே பயன்படுத்தினார்கள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார். பூச்சி ஒரே பிள்ளை. பதினாறு வயதில், மாமா கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டரில் அவளே ஒரு கேம் செய்தாள். பன்னிரண்டு மாடி, ஒரு லிஃப்ட். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தால் யாரோ ஒருவருடைய வீடு. அங்கே தொலைந்துபோன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்தால்தான் லிஃப்ட் மேலே போகும். அப்பா விளையாடிப் பார்த்து ஏழாவது மாடியில் மாட்டிக்கொண்டார்.

"கதவு மூடுறதுக்கு முன்னாடியே பெட்டி நகருது. நெசமான லிஃப்ட்ல இப்படி நடந்தா என்னைப் பிடிச்சு உள்ள போட்டுருவாங்க" என்றார்.

சாப்பிட உட்காருவதற்குள் அதைச் சரிசெய்துவிட்டு வந்தாள். அவளுக்கு வேறு எதிலும் அப்படி ஒரு வேகம் வந்ததில்லை.

பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்த வாரம், சமையலறை மேஜையில் இரண்டு விண்ணப்பங்கள் கிடந்தன. ஒன்று அரசுப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ். இன்னொன்று ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய தனியார் கல்லூரியில் கேம் டிசைன். இரண்டிலும் இடம் கிடைக்கிற மதிப்பெண் இருந்தது.

மாமாவை அம்மா வரவழைத்திருந்தார். காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு இருபது வருடமாக புரோகிராம் எழுதுகிறவர். சட்டைப் பையில் எப்போதும் தலைவலி மாத்திரை இருக்கும்.

"கம்ப்யூட்டர் சயின்ஸ் படி பூச்சி. கணக்கு கை வந்துட்டா அதுக்கப்புறம் கேம் பண்ணு, ராக்கெட் விடு, என்ன வேணா பண்ணு. வெறும் கேமுக்குன்னு ஒரு பட்டம் வாங்கினா கேமைத் தவிர வேற எங்கயும் போக முடியாது. கேம்காரனே உள்ள விடலன்னா என்ன பண்ணுவ?"

"பெயர்லயே இருக்கே மாமா, கேம் டிசைன்னு. இதைப் படிச்சவங்களை விட்டுட்டு வேற யாரை எடுப்பாங்க?"

அப்பா அந்தக் கல்லூரியின் விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். "இதுல படிச்சு முடிச்சவங்க யாராச்சும் இருக்காங்களா? ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்."

"இப்பத்தாம்பா ஆரம்பிக்கிறாங்க. நாங்கதான் முதல் பேட்ச்."

"புது லிஃப்ட்ல நாங்க முதல்ல ஆளை ஏத்த மாட்டோம். மணல் மூட்டையைத்தான் ஏத்துவோம்" என்று சொல்லி அப்பா சிரித்தார். மாமாவும் சிரித்தார். பூச்சி எழுந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. மூன்றாம் நாள் அப்பா கேம் டிசைன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். மாமா சொன்னது தவறு என்று அவளுக்கு உண்மையில் தோன்றவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். இருபது வருடம் கழித்துத் தன் முகமும் அப்படி ஆகிவிடும் என்று பயந்தாள்.

கல்லூரி பளபளவென்று இருந்தது. பெரிய திரைகள், சுழல் நாற்காலிகள். பாடத்தில்தான் கை வைத்த இடமெல்லாம் ஆழமில்லை. ஒரு பருவம் ஓவியம், ஒரு பருவம் கதை எழுதுவது, ஒரு பருவம் புரோகிராமிங், ஒரு பருவம் இசை. பந்தியில் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போவது மாதிரி. புரோகிராமிங் எடுத்த சார், பையன்கள் இணையத்தில் பார்த்த அதே வீடியோக்களை ஒரு வாரம் முன்னால் பார்த்துவிட்டு வந்து நடத்துகிறார் என்பது இரண்டாம் வருடம் தெரிந்தது. அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. அவரும் கேம் செய்யும் ஆசையில் வந்து இங்கே கரை ஒதுங்கியவர்.

படிப்பு முடிந்து ஒன்பது நிறுவனங்களில் நேர்காணலுக்குப் போனாள். ஒன்றில் ஒரு தாளைக் கொடுத்து, சாய்வான தரையில் உருளும் பந்து சுவரில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று கணக்குப் போடச் சொன்னார்கள். தாளை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தாள். இன்னொன்றில் அவள் வரைந்தவற்றைப் பார்த்த பெண்மணி, ஓவியக் கல்லூரியிலிருந்து வந்த பையனின் படங்களைப் பக்கத்தில் வைத்தார்.  பூச்சியே தன் தாள்களை எடுத்து அடுக்கிக்கொண்டாள்.

"உங்களுக்கு என்ன நல்லா வரும்?" என்று கடைசி இடத்தில் கேட்டார்கள்.

"எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வரும்."

"ஒண்ணே ஒண்ணு முழுசா வர்றவங்கதான் எங்களுக்கு வேணும்மா" என்றார் அந்த மனிதர், கனிவாகவே. பிறகு யோசித்து, "டெஸ்டிங்ல ஆள் எடுக்கிறோம். வர்றீங்களா?" என்று கேட்டார்.

டெஸ்டிங் என்றால் நாள் முழுக்கச் சுவரில் முட்டுவது. கேமில் ஒரு கோட்டை இருந்தால் அதன் ஒவ்வொரு சுவரிலும் போர்வீரனை முட்டவைத்துப் பார்க்க வேண்டும். எங்காவது சுவருக்குள் புகுந்துவிட்டாலோ தரை வழியாக விழுந்துவிட்டாலோ அதை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தொழிலில் பிழையை ஆங்கிலத்தில் 'பக்' என்பார்கள், பூச்சி என்று அர்த்தம். வீட்டுப் பெயர் எப்படியோ தெரிந்துபோய், "பூச்சியே பூச்சி பிடிக்குது" என்று அலுவலகத்தில் கேலி செய்தார்கள். முதல் மாதம் அவளும் சிரித்தாள்.

நன்றாகவே பிடித்தாள். அவள் எழுதிய குறிப்பைப் படித்தால் புரோகிராமர் எழுந்து வந்து கேட்க வேண்டியதில்லை. ஆனால் வேலை ஆறு மாத ஒப்பந்தம். ஆறு மாதம் முடிந்தால் இன்னொரு ஆறு மாதம். இப்படியே ஐந்தரை வருடம். டிசைன் பிரிவுக்கு மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிக் கேட்டாள். அந்தப் பிரிவின் தலைவர் கட்டடக்கலை படித்தவர். அவருக்குக் கீழே ஒருவர் கணிதம், ஒருவர் உளவியல். கேம் டிசைன் படித்தவர் அங்கே யாரும் இல்லை. இந்த விஷயத்தை வீட்டில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அவள் சோதித்த ஒரு கேம் வெளிவந்தது. முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அவள் பெயரும் வரும் என்று சொல்லியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். பெயர்கள் மேலே ஏறிக்கொண்டே இருந்தன. பதினெட்டு நிமிடம் ஆனது. அவள் பெயர் வந்தபோது இரண்டு எழுத்து மாறியிருந்தது. உலகத்தில் அப்படி ஒரு பெயரே கிடையாது.

பூச்சி திரையை அணைக்கக் கையை நீட்டினாள்.

"நம்ம பேருதான். சரியாத்தான் இருக்கு" என்றார் அப்பா. அடுத்த வாரம் ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் ஃபோனில் பிடித்த அதன் படத்தைக் காட்டினாராம்.

அந்த வருடக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, அலுவலக வாசலில் கதவைத் திறக்கும் அவளுடைய அட்டை வேலை செய்யவில்லை. பின்னால் நின்ற இருவருடைய அட்டையும் அப்படித்தான். காவலாளி அவர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். டெஸ்டிங் பிரிவு மொத்தத்தையும் கலைத்துவிட்டார்கள் என்ற செய்தி பத்து மணிக்கு ஃபோனில் வந்தது.

பத்து நாள் கழித்து அவள் படித்த கல்லூரியின் துறைத் தலைவர் கூப்பிட்டார். வேலை போனது அவருக்குத் தெரியாது. அந்தத் துறையில் படித்து, வெளிவந்த கேம் ஒன்றில் பெயர் வந்தது அவளுக்கு மட்டும்தானாம். சேர்க்கைக்கு முன்னால் பெற்றோரையும் பிள்ளைகளையும் கல்லூரியைச் சுற்றிப் பார்க்க அழைக்கும் சனிக்கிழமை அவள் வந்து பேச வேண்டும். விருப்பமிருந்தால் விரிவுரையாளர் இடம் ஒன்றும் காலியாக இருக்கிறது.

போனாள். பெயர் வந்த கேமைப் பற்றி, அதில் இருந்த கோட்டையைப் பற்றிப் பேசினாள். கைதட்டினார்கள். பேசி முடித்ததும் ஒரு அம்மா நேராக அவளிடம் வந்தார். நகரப் பேருந்து ஓட்டுநரின் சீருடையில் இருந்தார். அடுத்த வண்டியை எடுக்கும் நேரத்துக்குள் திரும்பிப் போக வேண்டும் போல, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் மகள்.

"எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாதும்மா. நீங்க படிச்சவங்க. உங்களை நம்பிக் கேக்குறேன். என் பொண்ணு இதைப் படிச்சா வேலை கிடைக்குமா?"

மூன்றடி தள்ளித் துறைத் தலைவர் நின்றுகொண்டிருந்தார்.

"கிடைக்கும்மா. நான் வேலை பார்த்தேனே" என்றாள் பூச்சி.

அந்த அம்மா அங்கேயே, சுவரில் விண்ணப்பத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

பூச்சிக்கும் வேலை கிடைத்தது. முதல் வகுப்பில் பதினெட்டுப் பேர். முன்வரிசையில் அந்த ஓட்டுநரின் மகள். ஓவியம் சுமாராகத்தான் வந்தது. ஆனால் மூன்றாம் மாதம் அவள் தண்ணீர் செய்துகொண்டு வந்தாள். திரையில் ஒரு குழாய் திறந்து, தண்ணீர் தரையில் விழுந்து, மேடு பள்ளம் பார்த்துத் தானாக வழி தேடி ஓடியது. கணக்கு எல்லாம் அவளே நூலகத்தில் படித்துப் போட்டது. பூச்சிக்கு அதில் பாதி விளங்கவில்லை.

அன்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அந்தக் கணக்கை மூன்று முறை படித்துப் பார்த்தாள். இந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கத் தன்னிடம் எதுவுமே இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. இங்கே இருந்தால் இந்தப் பெண்ணும் நான்கு வருடம் கழித்து ஏதாவது ஒரு சுவரில் முட்டிக்கொண்டிருப்பாள். இருந்தும் அதைச் சொல்ல இன்னும் ஐந்து மாதம் ஆனது. அரசுப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸில் புதிதாகச் சேரக் கடைசித் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது, வகுப்பு முடிந்ததும் அவளை நிறுத்தினாள்.

"நீ இங்க இருக்காத. அங்க போய்ச் சேரு. உனக்கு இந்த இடம் பத்தாது."

அந்தப் பெண் பையை மாட்டியபடியே நின்றாள். "இதை முதல் நாளே ஏன் மிஸ் சொல்லல?"

பூச்சி பொய் சொல்லப் பார்த்தாள். வரவில்லை. "எனக்கு அப்ப வேலை இல்ல. இந்த வேலை வேணும்னு இருந்துச்சு."

"'பார்த்தேன்'னு சொன்னீங்க. 'பார்க்கிறேன்'னு சொல்லல. எனக்கு அப்பவே லேசா இடிச்சுது. எங்கம்மாதான் உங்க முகத்தைப் பார்த்தா பொய் சொல்றவங்க மாதிரி தெரியலன்னாங்க."

மறுநாள் அந்த அம்மா வந்தார். கத்துவார் என்று பூச்சி எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"உங்க பொண்ணா இருந்தா அன்னைக்கு என்ன சொல்லியிருப்பீங்க?"

"கம்ப்யூட்டர் சயின்ஸ்ல சேருன்னு சொல்லியிருப்பேம்மா."

அந்த அம்மா எழுந்து போய்விட்டார்.

மகள் மாறிப் போனாள். அங்கே முதல் வருடத்திலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. அவளைப் பார்த்து இன்னும் மூன்று பேர் போனார்கள். யார் சொல்லிப் போனார்கள் என்பது துறைத் தலைவருக்குத் தெரிய அதிக நாள் ஆகவில்லை. "நீங்க உக்காந்திருக்கிற கிளையை நீங்களே வெட்டுறீங்க" என்றார். அடுத்த வருடத்துக்கு அவளுக்கு ஒப்பந்தம் தரவில்லை.

இப்போது ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறாள். நோயாளிகள் ஃபோனிலேயே நேரம் குறித்துக்கொள்ளும் செயலியைச் சோதித்துப் பார்க்கும் வேலை. ஒரே நோயாளிக்கு ஒரே நேரத்தில் இரண்டு டாக்டர்கள் விழுகிறார்களா, பிப்ரவரி முப்பதாம் தேதியை ஏற்றுக்கொள்கிறதா என்று பார்ப்பாள். அம்மா இருபத்தைந்து வருடம் பென்சிலை வைத்துக்கொண்டு செய்த வேலையைத்தான் நானும் பார்க்கிறேன் என்று ஒருமுறை சொன்னாள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அஞ்சல் வழியில் கணிதப் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கிறாள். முதல் தாளில் தோற்றாள். இரண்டாம் முறை எழுதியிருக்கிறாள். மாமாவிடம் சந்தேகம் கேட்கப் போகலாம். போவதில்லை.

சென்ற மாதம் காலையில் வழக்கமான பேருந்து வரவில்லை. அடுத்து வந்ததில் ஏறினாள். ஓட்டுநர் இருக்கையில் அந்த அம்மா.

இருவரும் ஒரு கணம் பார்த்துக்கொண்டார்கள். இறங்கிவிடலாமா என்று பூச்சிக்குத் தோன்றியது. பின்னால் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா இருக்காளாம்மா?" என்று கேட்டாள்.

"நல்லா படிக்கிறா. வகுப்புல முதல் மூணு பேருக்குள்ள வர்றா." அந்த அம்மா பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார். "ஆனா முன்ன மாதிரி அந்தத் தண்ணி, அது இதுன்னு எதுவும் செய்றதில்ல. ஏன்டின்னு கேட்டா, எதுக்கும்மாங்கிறா."

பூச்சி படிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள தள்ளிப் போங்க. ஆளுங்க நிக்கிறாங்க" என்றார் அந்த அம்மா. கதவு மூடியது. பூச்சி நகர்ந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.